விருந்தாளியின் ஆங்கிலம்

ஆங்கிலம் கற்போர் எட்ட வேண்டிய எல்லை யாது என்று கேட்டால், நம்மிற் பெரும்பாலோர் தயங்காமல் கூறும் விடை ஒன்றுண்டு. ‘ஆங்கிலேயனே தன்னவன் என்று மயங்கும் வண்ணம் பேசவும் எழுதவும் வேண்டும்’ என்பதே அது. இவ்விடையின் நிழலில் மற்றொரு கருத்தும் ஒளிந்து நிற்கின்றது. அவ்வெல்லையை எட்ட வேண்டுமாயின் வீட்டுமொழியைச் சற்றே ஒதுக்கிவைக்க வேண்டும் என்பது. பெற்றோர் வாயிலாக இதனைக் கேளாத தமிழாசிரியர் இந்நாட்டில் இரார். கருத்தைக் கருத்தால் மோதிப் பயனில்லை. அவ்வெல்லைக்கு எவரினும் அருகிற் சென்ற ஒருவரை எடுத்துக்கொண்டு, அவர் பெற்றது யாது, பெறாதது யாது என்று பார்ப்பதே நேர்வழி. அத்தகைய ஒருவர் நம் துறைமுகத்தையே பலமுறை மிதித்துச் சென்றிருக்கின்றார்.

ஜோசப் கான்ராட் பிறப்பால் போலந்துக்காரர். ருஷியப் பேரரசின் ஆட்சியில் இருந்த பெர்டிச்செவ் என்னும் ஊரில் 1857-இல் பிறந்தார். தந்தை அப்பொல்லோ கொர்செனியோவ்ஸ்கி கவிஞர். ஷேக்ஸ்பியரையும் விக்டர் ஹியூகோவையும் போலிஷ் மொழியில் பெயர்த்தவர். நாட்டு விடுதலை வேண்டி உழைத்ததற்காகக் குடும்பத்தோடு நாடுகடத்தப்பட்டவர். தாய் 1865-இலும் தந்தை 1869-இலும் மறைந்தனர். தாய்மாமன் ஆதரவில் வளர்ந்த சிறுவன் 1874-இல் பிரான்சு நாட்டு மார்செய்ல்ஸ் துறைமுகத்திற்குச் சென்று மாலுமியானான். போலிஷ் தாய்மொழி, பிரெஞ்சு இளமையிலேயே பயின்ற மொழி. ஆங்கிலமோ மூன்றாவதாக வந்தது. 1878-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் ஆங்கிலக் கப்பலிலிருந்து லோஸ்டாப்ட் துறையில் அவர் இறங்கியபோது வயது இருபது. அம்மொழியில் சில சொற்களுக்கு மேல் அறியார். 1886-இல் கப்பல் தலைவருக்குரிய சான்றிதழ் பெற்றார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் குடிமகனும் ஆனார். 1895-இல் முதல் நாவலாகிய ‘ஆல்மேயரின் பேதைமை’ வெளிவந்தது. 1924-இல் அவர் மறைந்தபோது ஆங்கில நாவலாசிரியருள் முதல்வரிசையில் வைத்து எண்ணப்பட்டார்.

இந்த வரலாற்றை ஓர் அற்புதமாகக் கூறிவிட்டுப் போவது எளிது. அற்புதம் என்று கூறிவிட்டால் ஆராய வேண்டியதில்லை அன்றோ? ஆனால் அவர் எவ்வாறு கற்றார் என்பதை அவரே கூறியிருக்கின்றார். 1911-இல் எழுதிய ஒரு கடிதத்தில், தாம் முதலிற் படித்த ஆங்கிலம் ‘ஸ்டாண்டர்ட்’ என்னும் செய்தித்தாள் என்றும், முதலிற் காதால் கேட்ட ஆங்கிலம் கீழைக் கடற்கரையின் மீனவர், கப்பல் தச்சர், மாலுமிகள் ஆகியோர் பேசியது என்றும் குறிப்பிடுகின்றார். லோஸ்டாப்டுக்கும் நியூகாசிலுக்கும் இடையே நிலக்கரி ஏற்றிச் சென்ற சிறு கப்பலே அவருடைய பள்ளிக்கூடம். இரண்டே ஆண்டுகளில், 1880-இல், இரண்டு மணி நேரத்திற்கு மேல் நீண்ட வாய்மொழித் தேர்வு அடங்கிய கப்பல் அலுவலர் தேர்வில் தேறினார். ஆங்கில இலக்கண நூலை ஒருநாளும் திறந்ததில்லை என்றும் சேர்த்துக்கொள்கின்றார். (மாணவர் கண்ணில் இவ்வரி படாமல் இருப்பது நல்லது!)

அக்கடிதத்தில் நம்மை நிறுத்தும் இடம் வேறொன்று. அதற்குள் அம்மொழியைத் தாம் ‘ஆண்டுவிட்டதாக’ எழுதியவர், உடனே அச்சொல்லைத் தாமே மறுத்து, ‘ஈட்டிக்கொண்டேன்’ என்பதே பொருந்தும் என்று திருத்துகின்றார். பத்து நூல்களுக்கு மேல் ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்றபின் செய்த திருத்தம் இது. அவையடக்கம் என்று இதனைத் தள்ளிவிடலாகாது. ஆள்வதற்கும் ஈட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் எழுத்து முழுவதிலும் காணலாம்.

ஈட்டியவன் தன் பொருளின் மதிப்பை அறிவான். இதற்குச் சான்றாக 1906-இல் வெளிவந்த ‘கடலின் கண்ணாடி’ என்னும் நூலின் ஒரு பகுதியைக் காட்டலாம். கப்பல் துறையடைந்ததும் ‘நங்கூரத்தை எறிந்தனர்’ என்று ஆங்கிலச் செய்தித்தாள்கள் எழுதுவது வழக்கம். கான்ராடுக்கு அது பொறுக்கவில்லை. நங்கூரத்தை எவரும் எறிவதில்லை. துறையை நெருங்கும்போதே அது கப்பல் முகப்பின் பக்கத்தில் நீருக்கு மேலே தொங்கவிடப்பட்டு, விழுவதற்கு ஆயத்தமாக இருக்கும். பிணைப்பை நீக்கினால் தன் பளுவினாலேயே விழும். ஆகவே மாலுமி அதனை ‘விடுகின்றான்’, எறிவதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கடலோடிகள் தேய்த்துத் தேய்த்துக் கூர்மை செய்த சொல்லை, கரையில் இருப்போர் மழுக்குவது மொழிக்கே இழைக்கும் தீங்கு என்று அவர் சினந்து எழுதுகின்றார். எண்ணிப் பாருங்கள்: இருபது வயது வரை ஆங்கிலம் அறியாத ஒருவர், ஆங்கிலேயரின் பத்திரிகைகளுக்கு ஆங்கிலச் சொல்லாட்சி கற்பிக்கின்றார், அவர் கூறுவதே சரியாகவும் இருக்கின்றது. தாய்மொழியாளர் என்ற பிறப்புரிமை ஒரு தொழிலின் சொல்லை எவருக்கும் கொடுத்துவிடுவதில்லை. அச்சொல் அத்தொழிலைச் செய்தவரிடம் உள்ளது. (‘நங்கூரம் பாய்ச்சினர்’ என்று நாமும் எழுதி வருகின்றோம். நம் கடற்றொழிலாளரைக் கேட்டா எழுதினோம்?)

அவர் உரைநடை சிறந்து விளங்கும் இடங்களை நோக்கினால், அங்கெல்லாம் ஒரு தொழில் நடந்துகொண்டிருக்கக் காணலாம். 1883-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பாங்காக்கிற்கு நிலக்கரி ஏற்றிச் சென்ற ‘பாலஸ்தீன்’ என்னும் கப்பல் சுமத்திராவுக்கு அருகே தீப்பற்றி அழிந்தது. அதில் இரண்டாம் அலுவலராக இருந்த கான்ராட் தப்பிச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அந்நிகழ்ச்சியே ‘இளமை’ என்னும் கதைக்கு அடிப்படை. நீர் இறைக்கும் குழாயை ஓயாது இயக்குவது, அடித்தளத்தில் புகையும் கரியைத் தேடுவது, படகுகளை இறக்குவது ஆகிய இவற்றைக் கூறும்போது அவர் நடையில் தடுமாற்றம் சிறிதும் இல்லை. ‘சூறாவளி’யில் வரும் கப்பல் தலைவன் மக்விர் உவமைப் பேச்சே விளங்காத மனிதன், எவரேனும் அணியோடு பேசினால் அதனை அப்படியே பொருள்கொண்டு குழம்புவான். அவனைப் படைத்தவர், ஆங்கிலத்தில் ஒவ்வொரு மரபுத்தொடரையும் முதன்முறை கேட்டபோது தாமும் அவ்வாறு நின்றிருக்க வேண்டும் என்று தோன்றுகின்றது. இது என் ஊகம்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. எஃப். ஆர். லீவிஸ் என்னும் திறனாய்வாளர் 1948-இல் வெளியிட்ட நூலில் கான்ராடை ஆங்கில நாவலின் பெருமரபில் வைத்துப் போற்றினார். ஆயினும் ‘இருளின் இதயம்’ என்னும் கதையில் அடைமொழிகள் அளவு மீறிப் பெருகுவதைக் கண்டித்தார். குறை உண்மையானதே. அறியவொண்ணாத, சொல்லவொண்ணாத, எண்ணவொண்ணாத என்று ‘ஒண்ணாத’ அடைகள் அக்கதையில் வரிசையாக வந்து நிற்கின்றன. கண்ணால் கண்ட பொருளைச் சொல்லும்போது ஒரு சொல்லோடு நிற்பவர், மனத்தில் கலங்கிக் கிடப்பதைச் சொல்ல முற்படும்போது மூன்று சொற்களை அடுக்குகின்றார். பிளாபேர், மொப்பசான் ஆகியோரின் பிரெஞ்சு உரைநடையை விரும்பிப் பயின்றவர் என்பதனால், அடுக்கிச் செல்லும் அந்த ஓசை அங்கிருந்து வந்தது என்பாருளர். அயல்மொழியில் எழுதுவோன் தன் சொல் போதுமோ என்று ஐயுற்று மேலும் ஒன்றைச் சேர்ப்பதும் ஒரு காரணம் என்பேன். நம் மாணவர் கட்டுரைகளிலும் இவ்வியல்பு உண்டு. அவர்களைத் திருத்தும்போது, கான்ராடும் இக்குறையினின்று முழுதும் நீங்கினாரல்லர் என்பதை நினைவிற்கொள்ளலாம்.

அவர் பட்ட பாடும் சிறிதன்று. 1898-இல் தம் நண்பர் எட்வர்ட் கார்னெட்டுக்கு எழுதிய கடிதத்தில், நாள்தோறும் எட்டு மணி நேரம் மேசைமுன் அமர்ந்தும் மூன்று வாக்கியங்களே எழுத முடிகின்றது, எழுந்திருக்கும் முன் அவற்றையும் அழித்துவிடுகின்றேன் என்று புலம்புகின்றார். இத்தகைய மனிதர் பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் நிறுத்துப் பார்த்து ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தார் என்றொரு கதை நெடுநாள் உலவியது. அக்கதை பரவுவதற்குக் காரணமாக இருந்தவர் நம் நாட்டு வரலாற்றில் இடம்பெற்ற ஹியூ கிளிபர்டு. பகாங்கில் ரெசிடெண்டாக இருந்து, பின்னர் 1927-இல் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநரானவர். அவரே 1898-இல் சிங்கப்பூர் ஏடொன்றில், கான்ராடின் நடையைப் பாராட்டிவிட்டு, மலாய் மக்களைப் பற்றி அவர் அறிந்தது மேற்போக்கானது என்றும் எழுதினார். அதிலும் உண்மை உண்டு. 1887-இல் ‘விடார்’ என்னும் நீராவிக் கப்பலில் சிங்கப்பூரிலிருந்து போர்னியோ ஆற்றுத் துறைகளுக்குச் சில மாதங்கள் சென்றுவந்ததைத் தவிர, இப்பகுதி மக்களோடு அவர் கலந்து வாழ்ந்தவரல்லர். மலாய்க்காரரைப் பற்றிய குறையைப் பணிவுடன் ஏற்ற கான்ராட், மொழியைத் தேர்ந்தெடுத்தார் என்பதை மட்டும் பிற்காலத்தில் வன்மையாக மறுத்தார். தாம் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, அம்மொழியே தம்மைத் தத்தெடுத்துக்கொண்டது, ஆங்கிலத்தில் எழுதாதிருந்தால் எந்த மொழியிலுமே எழுதியிருக்க மாட்டோம் என்பது அவர் கூற்றின் சாரம்.

இனி, பேச்சுக்கு வருவோம். எச். ஜி. வெல்ஸ் 1934-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் கான்ராடின் உச்சரிப்பைப் பற்றிச் சுவையான செய்தி தருகின்றார். ‘தீஸ்’, ‘தோஸ்’ என்னும் எளிய சொற்களின் ஈற்றில் எழுத்தில் மட்டும் இருக்கும் உயிரைக் கான்ராட் ஒலித்தே தீருவாராம். ‘ஷால்’, ‘வில்’ என்னும் துணைவினைகளில் எது எப்போது வரும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாதாம். வெல்ஸ் இதற்குக் காட்டும் காரணம், கான்ராட் பேசுவதற்கு நெடுங்காலம் முன்பே ஆங்கிலத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டார் என்பது. கான்ராட் கூறும் மாலுமிகளின் கதையோடு இது முற்றும் இசையவில்லை. செய்தித்தாளும் மாலுமியும் ஒருங்கே ஆசிரியராயினர் என்று கொண்டால் இசையலாம். எவ்வாறாயினும், அயல்நாட்டுச் சாயல் அவர் நாவைவிட்டு இறுதிவரை அகலவில்லை. 1910-இல் அவருடைய இலக்கிய முகவர், வாக்குவாதம் ஒன்றில், ‘நீர் என்னிடம் ஆங்கிலம் பேசுவதில்லை’ என்னும் பொருள்படக் கூறிவிட்டார். ‘லார்ட் ஜிம்’மும் ‘நாஸ்ட்ரோமோ’வும் எழுதிய மனிதரைப் பார்த்துக் கூறிய சொல்! அச்சொல் கான்ராடின் நெஞ்சில் நெடுநாள் தைத்திருந்தது.

பருவம் கடந்து கற்றவர் இலக்கணமும் சொல்லும் நிரம்பப் பெற்றும் உச்சரிப்பில் மட்டும் அயலாராகவே நிற்பதற்கு, மொழியியலார் ‘ஜோசப் கான்ராட் நிகழ்வு’ என்றே பெயரிட்டனர். தாமஸ் ஸ்கோவல் 1988-இல் எழுதிய நூலில் இது விரிவாகப் பேசப்படுகின்றது. 2018-இல் ஏறத்தாழ 6,70,000 பேரைக் கொண்டு அமெரிக்க ஆய்வாளர் நடத்திய பெரிய ஆய்வு ஒன்று, இலக்கணத்தைப் பிழையற உள்வாங்கும் ஆற்றல் பதினேழு வயதளவு வரை குன்றாமல் இருந்து பின்னரே இறங்குகின்றது என்று கண்டது. இருபதில் தொடங்கிய கான்ராட் அந்த எல்லைக்கும் அப்பால் நின்றவர். பலரும் அவரோடு இணைத்துக் கூறும் நபக்கோவ் இவ்வகையினர் அல்லர். செல்வக் குடும்பத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே ஆங்கிலம் படித்தவர். ஆகவே ஒப்பிடுவது பொருந்தாது.

எனினும், ஒரு மொழியை அயலாராகக் கற்பதன் விலை என்ன என்பதை எந்த ஆய்வையும்விட ஆழமாகக் கூறுவது கான்ராடே எழுதிய ஒரு சிறுகதை. 1901-இல் வெளிவந்த ‘ஏமி பாஸ்டர்’ என்னும் அக்கதை, அவர் படைப்புகளுள் போதிய அளவு பேசப்படாத ஒன்று. நம் ஆசிரியர்கள் அவசியம் படிக்க வேண்டியது அதுவே.

கார்பாத்திய மலைநாட்டு இளைஞன் யாங்கோ, அமெரிக்காவுக்குப் பிழைக்கச் செல்லும் வழியில் கப்பல் உடைந்து இங்கிலாந்தின் கென்ட் கரையில் ஒதுங்குகின்றான். ஒரு சொல்லும் அறியான். அவன் கெஞ்சுவதைக் கேட்டவர்கள் பித்தன் என்கின்றனர், சிறுவர் கல்லெறிகின்றனர், ஒருவர் விறகுக் கொட்டிலில் அடைத்துப் பூட்டுகின்றார். ஏமி என்னும் பணிப்பெண் மட்டும் ரொட்டி கொடுக்கின்றாள். அவன் மெல்ல மெல்ல ஆங்கிலம் கற்கின்றான், உழைக்கின்றான், அவளையே மணக்கின்றான். குழந்தை பிறக்கின்றது. இதுவரை இது ஒரு வெற்றிக் கதை. பின்னர், அவன் தன் மொழியில் குழந்தைக்குப் பாடுகின்றான். ஒருகாலத்தில் அவன் அயன்மையை விரும்பியவளுக்கு இப்போது அச்சம் பிறக்கின்றது. குழந்தையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கின்றாள். ஒருநாள் அவன் கடுங்காய்ச்சலில் விழுகின்றான். நாவறண்டு தண்ணீர் கேட்கின்றான். அவளுக்கு விளங்கவில்லை. அவனோ, தான் ஆங்கிலத்தில் கேட்பதாகவே எண்ணியிருக்கக்கூடும் என்று கான்ராட் எழுதுகின்றார். அவன் குரல் உயர உயர அவள் நடுங்கிக் குழந்தையோடு ஓடிவிடுகின்றாள். அவன் இறக்கின்றான். தண்ணீர்தானே கேட்டேன் என்பதே அவன் மனக்குறை.

இக்கதையின் வேர் கான்ராடின் வாழ்விலேயே உண்டு. 1896-இல் ஆங்கிலப் பெண்ணாகிய ஜெஸ்ஸியை மணந்து, பிரித்தானியக் கடற்கரைத் தீவொன்றில் தங்கியிருந்தபோது — பிரான்சு நாட்டுப் பிரித்தானியைச் சொல்கின்றேன் — அவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. பிதற்றல் முழுதும் போலிஷில். புதுமனைவிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அஞ்சி இருந்ததாக அவரே பிற்காலத்தில் எழுதினார். 1910-இல் நோயுற்றபோதும் அவ்வாறே நேர்ந்தது. மொழியின் அடித்தளத்தில் என்ன இருக்கின்றது என்பதைக் காய்ச்சல் காட்டிக்கொடுத்துவிடுகின்றது.

இதனைக் குறையாக எண்ணுவோர் கதையைத் தவறாகப் படிக்கின்றனர். யாங்கோ இறந்தது ஆங்கிலம் போதாமையால் என்று கூறுவது பாதி உண்மை. ஏமி தன் கணவன் மொழியில் ‘தண்ணீர்’ என்னும் ஒரு சொல்லைக் கற்றிருந்தாலும் அவன் பிழைத்திருப்பான். கதையைச் சொல்லும் மருத்துவர் இதனை வெளிப்படக் கூறவில்லை. ஆனால் கதையின் அமைப்பு கூறுகின்றது. கற்கும் சுமை முழுவதும் ஒருவன்மேலேயே சுமத்தப்பட்டது. அவன் பாடிய தாலாட்டு அந்த வீட்டில் குற்றமாயிற்று.

கான்ராடைத் தம் நாட்டாரும் விடவில்லை. 1899-இல் போலந்து நாட்டுப் புகழ்பெற்ற நாவலாசிரியை எலிசா ஒர்செஷ்கோவா, தாயகம் அடிமைப்பட்டுக் கிடக்கையில் பணத்திற்காக அயல்மொழியில் எழுதுகின்றார் என்று அவரைப் பழித்து எழுதினார். அப்பழி அவரை வாழ்நாள் முழுதும் வருத்தியது. கட்சி பிரித்துப் பார்த்தால் அவ்வம்மையார் கூற்றில் நாட்டுப்பற்று உண்டு, நேர்மை குறைவு. அந்நாளில் கான்ராட் எழுத்தால் ஈட்டிய பணம் கடனை அடைக்கவும் காணாது. தாய்மாமனுக்கும் அவருக்கும் இடையே பல்லாண்டுகள் கடிதம் நடந்தது போலிஷில்தான். 1914-இல் மனைவி மக்களோடு கிராக்கோ நகருக்குச் சென்றபோது, நாற்பதாண்டுப் பிரிவுக்குப் பின்னும் அங்குள்ளோரோடு தம் மொழியில் தடையின்றி உரையாடினார். ஆங்கிலத்தில் உச்சிக்கு ஏறுவதற்கு அவர் அந்த மொழியை இறக்கிவைக்க நேரவில்லை.

‘இளமை’, ‘இருளின் இதயம்’, ‘லார்ட் ஜிம்’ ஆகியவற்றில் மார்லோ என்னும் ஆங்கில மாலுமி ஒருவன் கதை சொல்கின்றான். நண்பர்கள் சுற்றியிருந்து கேட்கின்றனர். அடிக்கடி நிறுத்தி, நான் சொல்வது உங்களுக்குப் புலப்படுகின்றதா என்று வினவுகின்றான். ஆங்கிலேயன் வாயில் வைத்து எழுதினாலும் அந்த வினா கான்ராடுடையது. பிறப்பிலேயே மொழியைப் பெற்றவருக்குத் தாம் சொல்வது விளங்கும் என்ற துணிவு எழுத்தில் தானாகவே அமைந்துவிடும். இவருக்கு அஃது இல்லை. அத்துணிவு இன்மையால்தான் ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்தார். நங்கூரத்தை ‘விடுவதா எறிவதா’ என்று வழக்காடினார். சிலபோது தேவைக்குமேல் அடுக்கவும் செய்தார். ஆங்கிலேயர்போல் ஆகியிருந்தால் குறையும் இராது. இந்த நடையும் இராது.

அவர் மறைந்த 1924-ஆம் ஆண்டில் வர்ஜீனியா உல்ப் எழுதிய இரங்கற் கட்டுரையில் அவரை ‘விருந்தாளி’ என்று குறிப்பிட்டார். ஆங்கில மண்ணில் இறங்கி நாற்பத்தாறு ஆண்டுகள். ஆங்கிலக் குடியுரிமை பெற்று முப்பத்தெட்டு ஆண்டுகள். சொன்னவர் பகையால் சொல்லவில்லை, பெருமதிப்போடுதான் சொன்னார்.

கான்டர்பரியில் அவர் கல்லறை இருக்கின்றது. கல்லில் அவருடைய போலிஷ் பெயரையும் ஆங்கிலப் பெயரையும் சேர்த்துப் பொறித்திருக்கின்றனர். ‘தெயோதோர்’ என்று போலிஷ் வழக்கிலும் வரவில்லை, ‘தியோடர்’ என்று ஆங்கில வழக்கிலும் வரவில்லை. ‘டியாடர்’ என்று எழுத்து மாறிக் கிடக்கின்றது.